குழந்தைக் கரப்பான்: வீட்டில் செய்ய வேண்டியவை, செய்யும் வரிசையில்

பிறந்து சில வாரங்கள் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும் எக்ஸிமாவை, நம் பக்கத்தில் கரப்பான் என்று சொல்வதை, வீட்டில் எப்படிக் கையாள்வது என்பதற்கான வழிகாட்டி இது. மருத்துவர் பார்த்து, களிம்புகளை எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகு, அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு, எத்தனை நாள் பூசுவது என்று தெரியாமல் தாயும் பாட்டியும் திகைத்து நிற்கும் இடத்திலிருந்து இது தொடங்குகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய குடும்பங்களோடு நெடுங்காலம் பழகியதில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு: பெரும்பாலான வீடுகளில் மருந்து சரியாகவே இருக்கிறது, பூசும் அளவு பாதியாகவும் நாள் கணக்கு அதைவிடக் குறைவாகவும் இருப்பதால் கரப்பான் அடங்குவதில்லை. குடும்பமோ மருந்து பிடிக்கவில்லை என்று எண்ணி அடுத்த மருத்துவரைத் தேடிப் போகிறது.

1. இது கரப்பான்தானா என்று உறுதி செய்தல்

கரப்பான் பெரும்பாலும் பிறந்த இரண்டாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையில் தலைகாட்டும். கைக்குழந்தைக்குக் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் வரும். டயப்பரோ இடுப்புத் துணியோ கட்டும் இடத்தைப் பொதுவாக விட்டுவிடும். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்மடிப்பு, கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று இடம் மாறும். எங்கே இருந்தாலும் தோல் வறண்டிருக்கும், குழந்தைக்கு அரிக்கும். சொறியத் தெரியாத மூன்று மாதக் குழந்தை, முகத்தைத் தாயின் தோளிலோ விரிப்பிலோ தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் காணும் படங்களில் கரப்பான் பளிச்சென்று சிவந்திருக்கும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலிலும் கரிய தோலிலும் அந்தச் சிவப்பு தெரியாமல், பழுப்பாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ ஊதா கலந்த கருமையாகவோ தெரியும்; சிலருக்குச் சொரசொரப்பான சிறு புள்ளிகள் மட்டுமே இருக்கும். ஆகவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், கையால் தடவிப் பார்ப்பது அவசியம்.

கரப்பானோடு அதிகம் குழப்பிக்கொள்ளப்படுவது சொறி சிரங்கு. அது மிகச் சிறிய பூச்சியால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது, இரவில் அரிப்பு கூடுவது. வீட்டில் இன்னொருவருக்கும் அரிக்கிறதா, குழந்தையின் விரல் இடுக்கு, அக்குள், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கீழே சொல்லப்படும் முறை பலன் தராது; சிரங்குக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். வட்டமாகப் பரவி நடுப்பகுதி தெளிந்திருப்பது படர்தாமரையாக இருக்கலாம். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தையின் தலையில் எண்ணெய்ப் பிசுக்குடன் மஞ்சள் செதில் படிந்து, அரிப்பு அதிகமில்லாமல் இருந்தால், அது பெரும்பாலும் தானாகவே மறையும் வேறொரு நிலை.

கரப்பான் தொற்றாது. அத்தை குழந்தையைத் தூக்கலாம், அண்ணன் பக்கத்தில் படுக்கலாம். குடும்பத்தில் எவருக்கேனும் ஆஸ்துமா, விடாத தும்மல், கரப்பான் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நோயை உறுதி செய்ய அது உதவும்.

2. தொடங்கும் முன் வாங்கி வைக்க வேண்டியவை

முதல் நாளே எல்லாம் கையில் இருக்க வேண்டும். பாதியில் தீர்ந்து, பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ நகரத்திற்குப் பேருந்து பிடித்து வாங்கி வரும் இடைவெளியில் கரப்பான் மீண்டுவிடும்.

வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தேவை. சிறிய குழாயை வாங்காதீர்கள். கைக்குழந்தைக்கே வாரத்திற்கு 100 கிராமுக்குக் குறையாமல் செலவாகும். விலை கட்டுப்படியாகாவிட்டால் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி போதும். லோஷன், கிரீம், ஜெல், களிம்பு ஆகிய நான்கையும் ஒப்பிட்ட இங்கிலாந்து ஆய்வு 2022இல் வெளியானது. எந்த வகையும் மற்றதைவிட மேலானது என்று அதில் நிறுவப்படவில்லை. குழந்தை அழாமல் ஏற்றுக்கொள்வதையும், நீங்கள் தயங்காமல் அள்ளிப் பூசக்கூடிய விலையில் உள்ளதையும் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கெட்டியான களிம்பு நன்றாக உழைக்கும். சித்திரை வெயிலில் அரூரிலும் கிருஷ்ணகிரியிலும் அதே களிம்பு வியர்வையை அடைத்து வியர்க்குருவைக் கிளப்பும் என்பதால், கோடையில் கிரீமுக்கு மாறுவது நல்லது.

அடுத்து, மருத்துவர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பு. பின்னர், தோலின் அமிலத் தன்மைக்கு ஏற்ப pH 5.5 அளவில் தயாரிக்கப்பட்ட சோப்பு அல்லது குளியல் திரவம். சாதாரண சோப்பு காரத் தன்மை கொண்டது. தோலில் இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும். இவற்றோடு ஒரு சுத்தமான கரண்டி, நகவெட்டி, மெல்லிய பருத்தித் துண்டு, ஒரு நோட்டு.

நோட்டு எதற்கு என்று பலர் கேட்பார்கள். தாய் ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறார், பகலில் பாட்டி பார்த்துக்கொள்கிறார், மாலையில் தந்தை வருகிறார் என்னும் வீட்டில், ஸ்டீராய்டு ஒரே நாளில் மூன்று முறை பூசப்படுவதும் உண்டு, ஒருமுறைகூடப் பூசப்படாமல் போவதும் உண்டு. பூசியவர் நேரத்தைக் குறித்து வைத்தால் அந்தக் குழப்பம் தீரும்.

3. தண்ணீர்

இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் கடினமானது, சோப்பு நுரைக்காது. நுரை வரவில்லை என்று கூடுதலாகச் சோப்புத் தேய்ப்பதும், அது சரியாகக் கழுவப்படாமல் தோலில் படிவதும்தான் கரப்பான் குழந்தைக்குத் தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில், முழுக் குளியலுக்கும் அது போதாவிட்டாலும் கடைசியாக ஊற்றும் இரண்டு சொம்புக்காவது அந்த நீரை எடுத்து வையுங்கள்.

இங்கே இன்னொரு எண்ணமும் நிலவுகிறது: நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடால்தான் குழந்தைக்குத் தோல் இப்படி ஆனது என்று. ஃப்ளோரைடு மிகுந்த நீரைக் குடிப்பது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அதற்காக அந்த நீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது, கொதிக்க வைப்பதால் அது நீங்கவும் நீங்காது. ஆனால் கரப்பானுக்கு அது காரணமன்று. அதேபோல், தண்ணீரை மென்மையாக்கும் கருவிக்குப் பெருந்தொகை செலவிடவும் வேண்டாம். ஏற்கெனவே எக்ஸிமா உள்ள குழந்தைகளின் வீடுகளில் அக்கருவியைப் பொருத்திப் பார்த்த இங்கிலாந்து ஆய்வு 2011இல் வெளியானபோது, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் எதையும் அது காட்டவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

4. குளியல்

நாளுக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில், ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடு உறைக்கக் கூடாது. சூடான நீர் தோலின் இயற்கையான எண்ணெயைக் கரைத்துவிடும். குளித்த சிறிது நேரத்தில் அரிப்பு இரட்டிப்பாகும். குளிர் நாட்களில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் குழந்தை நன்றாகத் தூங்கும் என்ற வழக்கம் உள்ள வீடுகளில் முதலில் மாற வேண்டியது இதுதான்.

பாசிப்பயறு மாவு, கடலை மாவு, நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள் ஆகியவற்றை நிறுத்துங்கள். நல்ல தோலுக்கு இவை கெடுதல் செய்யாமல் இருக்கலாம். ஆனால் கரப்பான் தோலில் மாவின் பொடித்துகள்கள் உரசிக் காயப்படுத்தும். பீர்க்கங்காய் நாரும் கூடாது. சோப்பை அக்குள், தொடை இடுக்கு, அழுக்கான கை கால் ஆகிய இடங்களுக்கு மட்டும் கையாலேயே தடவுங்கள். கன்னத்திற்கு அது தேவையில்லை.

எண்ணெய்க் குளியலைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கு நடக்கும். குளிக்கும் முன் செக்குத் தேங்காய் எண்ணெயை இலேசாகத் தடவுவதில் தடையில்லை. இலேசான கரப்பானுக்குத் தேங்காய் எண்ணெய் ஓரளவு உதவும். தேய்த்து நீவி எடுப்பதுதான் தவறு. கடலை எண்ணெய் வேண்டாம். வெடித்த தோல் வழியாக வேர்க்கடலைப் புரதம் உட்சென்றால் பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமைக்கு வழிவிடலாம். ஆலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதாலேயே நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. தோலின் காப்பு அடுக்கை அது தளர்த்துகிறது. தண்ணீரில் ஊற்றிக் கலக்கும் குளியல் எண்ணெய்களுக்கும் பணம் செலவிட வேண்டியதில்லை. 2018இல் வெளியான ஆய்வில் அவற்றால் தனிப் பலன் கிடைக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்ததும் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோலில் சற்றே ஈரம் மிஞ்சியிருக்க வேண்டும். சாம்பிராணி போடுவதையும் பவுடர் கொட்டுவதையும் கைவிடுங்கள். புகை குழந்தையின் மூச்சுக்குழலை உறுத்தும். பவுடர் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

5. மாய்ஸ்சரைசர்

குளித்து மூன்று நிமிடங்களுக்குள் பூசுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது. குளியலில் தோல் குடித்த நீர், துடைத்த சில நிமிடங்களிலேயே காற்றில் போய்விடும். அதைப் போகவிடாமல் மூடுவதற்குத்தான் களிம்பு. எனவே டப்பாவைத் திறந்து, துண்டின் பக்கத்தில் வைத்துவிட்டே குளிப்பாட்டத் தொடங்க வேண்டும். உடை தேடப் போனால் அந்த நேரம் கழிந்துவிடும்.

டப்பாவுக்குள் விரலை விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் விரல்களிலிருந்து கிருமி உள்ளே போய்ப் பெருகும். கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் வைத்து, மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாக வழித்தபடி பூசுங்கள். எதிர்த்திசையில் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சீழ்க்கொப்புளம் வரலாம்.

உடல் முழுவதும் பூச வேண்டும். கரப்பான் தெரியும் இடத்தில் மட்டும் தொட்டுவைப்பது புதியவர்கள் அனைவரும் செய்யும் தவறு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் தோலும் இந்தக் குழந்தைக்கு வறண்ட தோல்தான். பூசி முடித்ததும் தோல் மினுமினுப்பாகத் தெரிய வேண்டும். குளித்த பிறகு ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை என்பது குறைந்தபட்சம். வாயைச் சுற்றியும் கன்னத்திலும் உணவு ஊட்டும் முன்பே பூசிவிட்டால், ஒழுகும் எச்சிலும் புளிப்பும் தோலைத் தீண்டாது.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாரஃபின் கலந்த களிம்பும் பெட்ரோலியம் ஜெல்லியும் துணியில் ஊறினால் அந்தத் துணி எளிதில் தீப்பிடிக்கும். துவைத்தாலும் முழுவதும் போகாது. அடுப்படி, விளக்கு, போகிக் கொளுத்தல், தீபாவளி வெடி ஆகியவற்றின் அருகில் இந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

6. ஸ்டீராய்டு களிம்பு

வழிகாட்டியின் நீளமான பகுதி இது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

மாய்ஸ்சரைசர் வறட்சியைக் கட்டுப்படுத்தும். ஏற்கெனவே மூண்டிருக்கும் அழற்சியை அது அணைக்காது. அதற்கு ஸ்டீராய்டு தேவை. கைக்குழந்தைகளுக்குப் பொதுவாக 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற மிதமான மருந்தையே மருத்துவர் தருவார். உடலிலும் கை கால்களிலும் கரப்பான் தடித்திருந்தால் சற்று வலுவானதைச் சில நாட்களுக்குத் தருவதுண்டு. முகத்திற்குத் தந்ததையும் உடலுக்குத் தந்ததையும் மாற்றிப் பூசிவிடாமல் இருக்க, குழாயின் மேல் ‘முகம்’, ‘உடம்பு’ என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

மாய்ஸ்சரைசர் பூசி அரை மணி நேரம் கழித்து ஸ்டீராய்டைப் பூசுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பூசினால் ஸ்டீராய்டு நீர்த்துப்போவதோடு, நல்ல தோலிலும் பரவிவிடும். எது முதலில் என்பதில் கட்டாயமான விதி எதுவுமில்லை. உங்கள் மருத்துவர் மாற்றிச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இடைவெளி விடுவதே முக்கியம்.

இனி அளவு. பெரியவர் ஒருவரின் ஆட்காட்டி விரலில், நுனியிலிருந்து முதல் கோடு வரை குழாயிலிருந்து நேராகப் பிதுக்கி வைத்தால், அது ஏறத்தாழ அரை கிராம். இதை விரல்நுனி அளவு என்பார்கள். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு கைகள் மூடும் பரப்புக்கு அது போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் சேர்ந்து ஓர் அளவு. ஒரு முழுக் கைக்கு ஓர் அளவு. ஒரு முழுக் காலுக்கு ஒன்றரை. மார்பும் வயிறும் சேர்ந்து ஒன்று. முதுகும் பிட்டமும் சேர்ந்து ஒன்றரை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு இது முறையே ஒன்றரை, ஒன்றரை, இரண்டு, இரண்டு, மூன்று என்று உயரும். மூன்று முதல் ஐந்து வயது வரை ஒன்றரை, இரண்டு, மூன்று, மூன்று, மூன்றரை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாதக் குழந்தைக்கு முகமும் இரண்டு கைகளும் முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால் ஒருமுறைக்கு மூன்று விரல்நுனி அளவு, அதாவது ஒன்றரை கிராம் தேவை. நாளுக்கு ஒருமுறை பூசினால் 15 கிராம் குழாய் பத்து நாளில் தீர்ந்துவிடும். ஆனால் நான் பார்க்கும் குழாய்கள் தைப்பொங்கலுக்கு வாங்கியவை ஆடி வரை பீரோவில் இருக்கும். மிளகு அளவு தொட்டு ஒரு கையெல்லாம் இழுத்துப் பூசினால் அழற்சி அணையாமல் பாதியில் நிற்கும். பிறகு அதே மருந்தை மாதக்கணக்கில் பூச நேரிடும். பயந்து குறைத்துப் பூசுகிறவர்களே கடைசியில் கூடுதலான ஸ்டீராய்டைக் குழந்தைக்குப் பூசி முடிக்கிறார்கள்.

எத்தனை நாள்? நிறம் தெளிவது அளவுகோல் ஆகாது. தடவிப் பார்த்தால் சொரசொரப்பும் தடிப்பும் இல்லாமல், அரிப்பும் நின்றிருக்க வேண்டும். மருத்துவர் குறித்த கெடுவுக்குள், பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள், இது நடக்கும். மூன்றாம் நாளே அரிப்பு குறைந்ததென்று நிறுத்துவதுதான் கரப்பான் திரும்பத் திரும்ப வருவதற்கு முதற்காரணம். இரண்டு வாரம் சரியான அளவில் பூசியும் அடங்காவிட்டால் நீங்களாக நீட்டிக்காமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். நோயே வேறாக இருக்கலாம், அல்லது கிருமி சேர்ந்திருக்கலாம்.

கண் இமையிலும், டயப்பர் கட்டும் இடத்திலும் மருத்துவர் குறிப்பாகச் சொன்னால் மட்டுமே பூச வேண்டும். இமைத் தோல் மிக மெல்லியது. டயப்பரின் அடியில் மூடிய ஈரச் சூட்டில் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும். பூசுகிறவர் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும்.

மருந்துக் கடையில் ‘தோலுக்கு ஒரு ஆயின்மென்ட்’ என்று கேட்டு வாங்கும் வழக்கத்தைக் கடுமையாகவே எதிர்க்க வேண்டியுள்ளது. படர்தாமரைக்கு என்று கேட்பவர்களுக்கு எடுத்துத் தரப்படும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்து, கிருமி மருந்து ஆகியவற்றுடன் குளோபெட்டசால் என்னும் மிக வலுவான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டே நாளில் கரப்பான் மறைவதைக் கண்டு பக்கத்து வீட்டாருக்கும் பரிந்துரைப்பார்கள். குழந்தையின் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, மருந்து உடலுக்குள் சேர்ந்து வளர்ச்சியையே தடுக்கும் அளவுக்கு இது போகலாம். மருத்துவர் சொன்ன மிதமான ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சுகிற அதே குடும்பம் இதை அஞ்சாமல் பூசுவது எனக்கு இன்றுவரை விளங்காத முரண். பெயர் அச்சிடாத டப்பாவில் விற்கப்படும் பச்சை, கறுப்பு மருந்துகளிலும் சொல்லாமல் ஸ்டீராய்டு கலப்பதுண்டு. சித்த மருத்துவம் பார்ப்பதானால் படித்த, பதிவு பெற்ற மருத்துவரிடம் பாருங்கள். பூசிவரும் எல்லாவற்றையும் இரு தரப்பு மருத்துவரிடமும் சொல்லுங்கள். குப்பைமேனியோ வேப்பிலையோ அரைத்துப் புண்ணான தோலில் அப்புவது எரிச்சலைக் கூட்டும்.

7. அரிப்பும் உடையும்

அரிப்பால் சொறிவதும், சொறிவதால் தோல் கிழிந்து மேலும் அரிப்பதும் ஒன்றையொன்று வளர்க்கும். வாரம் இருமுறை, குழந்தை தூங்கும்போது நகத்தை வெட்டி ஓரத்தை மழுக்குங்கள். அரிப்பு மிகும் நேரத்தில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சில நிமிடம் வைத்துவிட்டு, உடனே மாய்ஸ்சரைசர் பூசலாம்.

ஓசூர்க் குளிருக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாவும் நேரே தோலில் படக்கூடாது. உள்ளே பருத்திச் சட்டை போட்டு அதன் மேல் அணிவியுங்கள். போர்த்திப் போர்த்தி வியர்க்க விடுவதும் கரப்பானைத் தூண்டும். தூளிக்குப் பழைய, பலமுறை துவைத்த பருத்திப் புடவையே ஏற்றது. புதிய பாலியஸ்டர் புடவை சூட்டைப் பிடித்துவைக்கும். சலவைத் தூள் போகும்படி குழந்தைத் துணியைக் கூடுதலாக ஒருமுறை அலசுங்கள். அரைஞாண் கயிறு, கழுத்துத் தாயத்து, வளையல் ஆகியவற்றின் அடியில் ஈரமும் அழுக்கும் தங்கும். கரப்பான் அடங்கும் வரை கழற்றி வைக்கலாம்.

தூங்க வைக்கும் அரிப்பு மருந்தை, அதாவது சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சிரப்பை, நீங்களாகக் கொடுக்காதீர்கள். கரப்பானின் அரிப்பை அது பெரிதாகக் குறைப்பதில்லை. கைக்குழந்தைக்கு மயக்கத்தைத் தரும்.

8. பத்தியம்

கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, வேர்க்கடலை, சோளம், முட்டை என நீளும் பட்டியலைப் பாலூட்டும் தாய்க்கு விதித்துவிடுகிறார்கள். சில வீடுகளில் இரசஞ்சோறு மட்டுமே மிஞ்சும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கரப்பான் வருவது தோலின் காப்பு அடுக்கு பிறவியிலேயே வலுக்குறைந்திருப்பதால். தாய் பத்தியம் இருப்பதால் அது மாறுவதில்லை, தாயின் உடல்தான் தேய்கிறது. தாய்ப்பாலைத் தொடருங்கள். ஆறு மாதம் நிறைந்ததும் கேழ்வரகுக் கஞ்சி, பருப்புச் சோறு, பிசைந்த பழம் என்று இணை உணவைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள்.

விதிவிலக்கு உண்டு. மிகச் சிறு வயதிலேயே கடுமையாக வந்து, முறையாகப் பூசியும் அடங்காமல், பால் புட்டி குடித்த பின் வாந்தி, இரத்தம் கலந்த மலம், எடை ஏறாமை ஆகியவை சேர்ந்திருந்தால் பசும்பால் ஒவ்வாமையா என்று மருத்துவர் ஆராய்வார். எந்த உணவையேனும் தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்குவது, உடலெங்கும் தடிப்பது, மூச்சுத் திணறுவது ஆகியவை உடனடி ஒவ்வாமை, 108ஐ அழையுங்கள். இவை இல்லாமல், பல பொருள்களுக்கு ஒரே இரத்தத்தில் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். ஒரு பொருள் அதில் தென்பட்டாலும் குழந்தைக்கு அது ஆகாது என்று பொருளாகாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்தி, குழந்தை மெலிந்துபோவதே மிஞ்சும்.

வேர்க்கடலை விளையும் ஊர் என்பதால் இதையும் சொல்கிறேன். கடுமையான எக்ஸிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த குழந்தைகளுக்கு நான்கு முதல் பதினொன்று மாத வயதிற்குள் வேர்க்கடலையைத் தொடங்கிக் கொடுத்துவந்தபோது, பின்னாளில் வேர்க்கடலை ஒவ்வாமை பெரிதும் குறைந்ததை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தொடங்கும்போதும் கூழாகக் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். முழுக்கடலை மூச்சுக்குழலை அடைக்கும்.

9. காத்திருக்கக் கூடாத நிலைகள்

கரப்பான் மேல் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, சீழோ நீரோ கசிந்தாலோ, சுற்றிலும் சூடேறி வீங்கினாலோ கிருமி சேர்ந்திருக்கிறது. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகக் கிளம்பி, உடைந்து குழி விழுந்த புண்களாக மாறி, குழந்தை காய்ச்சலோடு சோர்ந்து பால் குடிக்காமல் கிடந்தால், உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் பரவியிருக்கக்கூடும். நம் ஊர்களில் இதைப் பார்த்தவுடன் அம்மை என்று வேப்பிலை கட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்வதும், அக்கி என்று காவி எழுத அழைத்துச் செல்வதும் நடக்கிறது. ஒரு பொழுதுகூடத் தாமதிக்காமல் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள குழந்தைகள் பிரிவுக்கோ கொண்டு செல்லுங்கள்; வைரஸ் மருந்தை உடனே தொடங்கினால் குணமாகும், கண்ணுக்குப் பரவினால் பார்வைக்கே கேடு. உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர்கள் கரப்பான் குழந்தையை முத்தமிடக் கூடாது.

தடுப்பூசிகளைக் கரப்பானுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஊசி போடும் இடத்தில் மட்டும் தோல் நன்றாக இருக்கிறதா என்று செவிலியரிடம் காட்டுங்கள்.

10. அடங்கிய பிறகு

தோல் வழவழப்பானதும் ஸ்டீராய்டு நிற்கும், மாய்ஸ்சரைசர் நிற்காது. கரப்பான் இருந்த இடம் சில மாதங்கள் வெளுத்தோ கருத்தோ தெரியும். அழற்சி விட்டுச் சென்ற நிறமாற்றம் அது. களிம்பு வெளுக்க வைத்துவிட்டது என்று பழி சுமத்தி அடுத்த முறை மருந்தைத் தவிர்க்காதீர்கள். வெண்குட்டமும் அன்று. காலப்போக்கில் நிறம் திரும்பும்.

ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வரும் குழந்தைகளுக்கு, அடங்கிய பின்னும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்த இடங்களில் ஸ்டீராய்டு பூசச் சொல்வார்கள். இரண்டு வயதுக்கு மேல், ஸ்டீராய்டு அல்லாமல் அழற்சியை அடக்கும் 0.03 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பைத் தருவதும் உண்டு. இதை நீங்களாகத் தொடங்காமல், கேட்டுத் தொடங்குங்கள். அங்கன்வாடிக்குப் போகும் குழந்தையாக இருந்தால், இது தொற்று நோயன்று என்பதையும், கை கழுவிய பின் பூச வேண்டியதையும் பணியாளரிடம் சொல்லி, ஒரு சிறு டப்பாவைக் கொடுத்து வையுங்கள்.

அடுத்த குழந்தைக்கு வராமல் தடுக்கப் பிறந்த நாளிலிருந்தே மாய்ஸ்சரைசர் பூசலாமா என்று சிலர் கேட்பார்கள். 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒவ்வாமைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு முதலாண்டு முழுவதும் தினமும் பூசியும் எக்ஸிமா வருவது குறையவில்லை. வந்த பிறகு பூசுவதே போதும்.

மறுமுறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நோட்டையும், கரப்பான் மிகுந்திருந்த நாட்களில் பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்களையும், பயன்படுத்திய எல்லாக் குழாய்களையும் கொண்டு செல்லுங்கள். தீர்ந்தவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். குழந்தையின் தோல் அன்றைக்கு நன்றாக இருந்தால் புகைப்படம்தான் பேசும். இரண்டு வாரத்திற்கென்று தந்த குழாய் முக்கால்வாசி மிச்சமிருப்பதைப் பார்த்தால், மருத்துவர் வலுவான மருந்துக்கு மாறாமல் அதே மருந்தைச் சரியான அளவில் பூசிக் காட்டச் சொல்வார்.